பாக்கி

வேலந்தாவளத்தில் செக்போஸ்ட் இருந்த காலத்தில்
லாரிக்காரர்கள் பில்லோடு வந்து நின்ற ஆபீஸ் இது.
செக்போஸ்ட் போய்விட்டது.
பல் டாக்டர் ஷிம்னா வாடகைக்கு எடுத்திருக்கிறார்.
வெள்ளிக்கிழமை நாற்காலி வந்து இறங்குமாம்,
வாயைத் திறந்துகொண்டு படுக்கிற நாற்காலி.

வினைல் விரிப்பை மூலையில் பிடித்து இழுத்தேன்.
தோல் வந்தது.
பசை வரவில்லை.
பாகு கருகிய நிறத்தில் தரை முழுக்க,
சீப்புக்கரண்டி இழுத்த வரிகள் அப்படியே இறுகி,
மிதித்தால் செருப்பைப் பிடித்துக்கொண்டு.

‘இதும்மேலேயே ஒட்டிக்கூடாதா?’ என்றார் டாக்டர்.
பாட்டிலைச் சரித்து ஒரு சொட்டு விட்டேன்.
சேம்பு இலைமேல் நிற்பதுபோல் நின்றது, உருண்டு.
‘தண்ணியே குடிக்காத தரைங்க,
சிமெண்டை எங்க குடிக்கப் போகுது?’
குனிந்து அந்தச் சொட்டையே பார்த்தார்.
‘ஓ, கேடு எடுக்காம அடைச்ச பல்லு’ என்றார்.
கூலி பேசி முடிந்தது.

மூன்று நாள்.
நான் சூடுகாட்ட, நஜ்முல் சுரண்ட,
நஜ்முல் சூடுகாட்ட, நான் சுரண்ட.
ரப்பர் எரிந்த வாடை டீயில் இறங்கியது,
அவன் முர்ஷிதாபாத்துக்குப் பேசிய போனிலும் இறங்கியிருக்கும்.
கிரைண்டர் பிளேடு இரண்டு மழுங்கிற்று.
ஒட்டியவனை நான் வையாத வார்த்தை இல்லை.
எந்தக் கழுதைடா வாளிவாளியாய்க் கவிழ்த்தது,
இங்கே மேடு, அங்கே குழி,
ரசமட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவன்.

பீரோ நின்ற மேற்குச் சுவரோரம்
பசையே இல்லை.
பீரோவுக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று
மிச்சம் பிடித்திருக்கிறான்.
வெறும் சிமெண்டில் பென்சில் எழுத்து:
12 × 9 = 108. பாக்கி 350.
கீழே ஒரு செல் நம்பர்.
ஏழுக்கெல்லாம் வயிற்றில் குறுக்குக் கோடு.

என் கையில் சுரண்டி அப்படியே நின்றது.

‘மிஸ்திரி, யார் நம்பர்?’ என்றான் நஜ்முல்.
நான் வாய் திறப்பதற்குள் போட்டுவிட்டான், ஸ்பீக்கரில்.
குக்கர் விசில். ஒரு பெண் குரல்.
‘ஜெபமாலை இவிடெ இல்லா!
எத்ர பிராவஸ்யம் பறயணம்?’
கட் ஆனது.

ஜெபமாலை யார் என்று நஜ்முலுக்குத் தெரியாது.
இரண்டு வருடமாய் நான் அவனுக்கு மிஸ்திரிதான்.
அவன் சிரித்தான்.
நானும் சிரித்ததாய் ஞாபகம்.

மிச்சத்தைப் பேசாமல் சுரண்டினேன்.
கூட்டி, ஈரத்துணி போட்டு, பிரைமர் அடித்து,
மறுபடி ஒரு சொட்டு விட்டபோது
தரை அதைக் கேட்காமலே உள்ளே வாங்கிக்கொண்டது.
பிறகு நடுவில் நூல் பிடித்து
முதல் கல்லை வைத்தேன்,
அடிப்பக்கமும் கலவை பூசி,
ரப்பர் சுத்தியால் நாலு மூலையும் தட்டி.
பீரோ நின்ற இடத்துக்கு ஒரு கரண்டி கூடவே போட்டேன்.

கணக்குத் தாளை டாக்டர் இரண்டு தரம் கூட்டினார்.
‘ஒரு நாள் கூலி குறையுதே?’
‘என் கூலிதானுங்க. பழைய பாக்கி.’
அவருக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை.
நஜ்முலுக்கு நாலு நாளும் முழுசாகக் கொடுத்தேன்.

விளக்கணைக்கும் முன் மண்டியிட்டு
அஞ்சு ரூபாய்க் காசால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தேன்.
எல்லாம் கட்டை போல் ஊமை.
வாசலோரம் ஒன்று மட்டும்
டொக் டொக் என்று பதில் சொல்கிறது.
காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்து
அதைப் பெயர்க்கவேண்டும்.